ஈறு நோயும் கணினியின் தேடலும்



பல்லில் குத்தல் எடுத்தால் இரவெல்லாம் தூங்க மாட்டோம். விடிந்ததும் மருந்தகத்துக்கு ஓடுவோம். ஆனால், பல் துலக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் கசிந்தால் யாரும் ஓடுவதில்லை. 'உடம்பில் சூடு ஏறிவிட்டது' என்று சொல்லி, உப்பு நீரால் கொப்பளித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். வலி இல்லை, ஆகவே நோயும் இல்லை என்பது நம் கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு தவறானது என்பதையும், இந்த ஈறு நோய்க்கு மருந்து காண விஞ்ஞானிகள் இன்று கணினியைக் கொண்டு எவ்வாறு தேடுகிறார்கள் என்பதையும் உங்களுக்கு எடுத்துச் சொல்லவே வந்திருக்கிறேன்.

இந்த ஆராய்ச்சியின் முக்கியமான கேள்வி ஒன்று, நம்மைப் போன்ற தோட்டத்து மக்களிடமிருந்தே பிறந்தது என்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். 1970ஆம் ஆண்டில், நார்வே நாட்டில் பிறந்த ஹரால்டு லோ என்ற பல் மருத்துவப் பேராசிரியரின் குழுவினர் இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றார்கள். அங்கே வேலை செய்த 480 தமிழ் ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்துக் குறிப்பெடுத்தார்கள். அவர்களுள் மிக இளையவருக்கு வயது 14. நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி இங்கே ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்ததைப் போலவே, அவர்களுடைய முன்னோர் அங்கே தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள்.

அந்தத் தொழிலாளர்களிடம் பிரஷ் கொண்டு பல் துலக்கும் வழக்கம் இல்லை. பல் மருத்துவ வசதியும் அவர்களை எட்டவில்லை. பிறகு 1985ஆம் ஆண்டு வரையில், அதாவது பதினைந்து ஆண்டுகள், ஆய்வுக் குழுவினர் பல முறை திரும்பிச் சென்று அதே ஆட்களைப் பார்த்து வந்தார்கள். முடிவுகள் 1986ஆம் ஆண்டில் வெளியாயின. எல்லாருடைய பற்களிலும் அழுக்குப் படலமும் காரையும் இருந்தன. எல்லாருடைய ஈறுகளும் வீங்கிச் சிவந்திருந்தன. ஆனால், பற்களைத் தாங்கும் எலும்பும் தசையும் எல்லாருக்கும் ஒரே மாதிரி அழியவில்லை.

நூற்றுக்கு 8 பேருக்கு நோய் காட்டுத்தீயாகப் பரவியது. அந்தப் பிரிவினர் 35 வயதிற்குள் சராசரியாக 12 பற்களையும், 40 வயதிற்குள் 20 பற்களையும் இழந்திருந்தார்கள். 45 வயதில் அவர்கள் வாயில் பல்லே இல்லை. நூற்றுக்கு 81 பேருக்கு நோய் மெல்ல நகர்ந்தது. 45 வயதில் சராசரியாக 7 பற்கள் போயிருந்தன. மீதி 11 பேருக்கோ, ஈறு வீக்கம் ஈறோடு நின்றுவிட்டது. நோயினால் அவர்கள் ஒரு பல்லையும் இழக்கவில்லை.

நேயர்களே, சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரே தோட்டம், ஒரே உணவு, ஒரே வேலை. எல்லார் வாயிலும் அதே அழுக்கு. அப்படியிருக்க ஒருவருக்கு எல்லாப் பற்களும் விழுவானேன்? இன்னொருவருக்கு ஒன்றும் விழாமல் இருப்பானேன்? 'வயதானால் பல் விழுவது இயற்கை' என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அது உண்மையானால் அந்தப் பதினொரு பேருக்கும் வயது ஏறத்தானே செய்தது? ஆகவே, பல்லைப் பிடுங்குவது வயதன்று. வேறு ஏதோ ஒன்று உள்ளே வேலை செய்கிறது. அது என்ன?

அதை அறிய, முதலில் ஈறில் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மனித வாயில் குடியிருக்கக்கூடிய நுண்ணுயிர் வகைகள் 700க்கும் மேல். அவை பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, பிசுபிசுப்பான ஒரு படலமாகப் பரவுகின்றன. அந்தப் படலத்தை நாள்தோறும் துடைக்காவிட்டால், அது உமிழ்நீரிலுள்ள சுண்ணச் சத்தோடு சேர்ந்து கல்லாக இறுகிவிடுகிறது. அதைத்தான் காரை என்கிறோம். கிருமிகள் ஈறை நெருங்கியதும் நம் உடல் சும்மா இருப்பதில்லை. வெள்ளை அணுக்களை அங்கே அனுப்புகிறது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. ஈறு சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் இரத்தம் கசிகிறது. இது உடலின் காவல்படை நடத்தும் போராட்டம். இந்தப் போராட்டத்தைத்தான் அழற்சி என்று சொல்கிறார்கள்.

போராட்டம் சில நாளில் முடிந்துவிட்டால் கெடுதல் இல்லை. அழுக்கு நீங்காமல் கிடந்து, போராட்டம் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் நீடித்தால்தான் ஆபத்து. காவல்படை விடும் இரசாயனப் பொருள்கள் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களைத் தட்டி எழுப்பிவிடுகின்றன. அவை பல்லைத் தாங்கும் தாடை எலும்பையே அரிக்கத் தொடங்குகின்றன. லாலாங் புல்லை அழிக்க வைத்த தீ, காற்று திரும்பியதும் ரப்பர் நிரைக்குள் புகுந்து மரங்களைப் பொசுக்குவதைப் போன்றது இது. தீ வைக்கக் காரணமானவை கிருமிகள். ஆனால் மரத்தை எரிப்பது நாமே வைத்த தீ. இலங்கைத் தோட்டத்தில் எட்டுப் பேருக்குத் தீ ஏன் அடங்கவில்லை, பதினொரு பேருக்கு எப்படி அடங்கியது என்பதே கேள்வி.

இதற்கு விடை தேடும்போது, தீயை மூட்டும் பொருள்கள், அணைக்கும் பொருள்கள் எவை என்று பார்க்க வேண்டும். நம் உடலில் கோடானுகோடி உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் உள்ளேயும் சுமார் 20,000 மரபணுக்கள் உண்டு. ஒவ்வொரு மரபணுவும் ஒரு புரதத்தைச் செய்வதற்கான கட்டளை. ஆனால் எல்லா மரபணுக்களும் எந்நேரமும் வேலை செய்வதில்லை. தோட்டத்தில் பேர் பதிந்தவர் 500 பேர் இருந்தாலும், இன்றைய பெரட்டுக்கு வந்தவர் எத்தனை பேர், வராதவர் எத்தனை பேர் என்று கிராணியார் செக்ரோலில் குறிக்கிறார் அல்லவா? அதுபோல, ஓர் ஈறுத் துண்டை எடுத்து, அதில் இன்று எந்த மரபணு வேலைக்கு வந்திருக்கிறது, எது கூடுதலாக உழைக்கிறது, எது படுத்துவிட்டது என்று செக்ரோல் எழுதக் கூடிய கருவிகள் வந்துவிட்டன.

நியூயார்க் நகரிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஈறு நோய் கண்ட 90 பேரிடமிருந்து 247 ஈறுத் துண்டுகளை எடுத்து இவ்வாறு எழுதினார்கள். அவற்றுள் 183 துண்டுகள் நோயுற்ற இடத்திலிருந்தும், 64 துண்டுகள் அதே ஆட்களின் நலமான இடத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை. அந்த ஆய்வு 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு துண்டுக்கு 20,000 மரபணுக்கள் என்றால், 247 துண்டுகளுக்கு ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பதிவுகள். நொடிக்கு ஒரு பதிவு வீதம், நாளுக்கு எட்டு மணி நேரம் ஒருவர் படித்தாலும், ஐந்து மாதங்களுக்கு மேல் ஆகும். படித்து முடித்தாலும் முதல் பக்கத்தில் கண்டது நினைவில் இருக்காது.

இங்கேதான் கணினி வருகிறது. உயிர்களைப் பற்றிய இத்தகைய பெருங்கணக்கை, கணிதத்தையும் கணினியையும் கொண்டு ஆராயும் கல்விக்கு உயிர்த்தகவலியல் என்று பெயர். அது செய்யும் வேலை அடிப்படையில் எளிது. நல்ல ஈறின் செக்ரோலையும் நோயுற்ற ஈறின் செக்ரோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறது. நோயுற்ற இடத்தில் மட்டும் அளவுக்கு மீறி வேலை செய்யும் மரபணுக்களைப் பிரித்தெடுக்கிறது. பிறகு, அவற்றுள் எது எதனோடு தொடர்புடையது என்று ஒரு வலை வரைகிறது. ஒரு டிவிஷனில் நூறு பேர் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தினால், நூறு பேரிடமும் தனித்தனியே விசாரிக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் சொல்லியனுப்பிய ஒருவர் யார் என்று கண்டால் போதும். வலையில் அப்படிப் பலரோடும் தொடர்புள்ள முடிச்சைத்தான் கணினி தேடுகிறது. அந்த முடிச்சைத் தடுக்க முடிந்தால் நோயைத் தடுக்கலாம். ஆகவே அதை மருந்துக்கான இலக்கு என்கிறார்கள்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். அந்த 247 ஈறுத் துண்டுகளின் பதிவுகளைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் பெட்டிக்குள் வைத்துப் பூட்டவில்லை. அமெரிக்க அரசாங்கம் நடத்தும் பொதுச் சேமிப்பில் போட்டுவிட்டார்கள். உலகில் எந்த மூலையில் இருப்பவரும் கட்டணம் இல்லாமல் அவற்றை எடுத்து ஆராயலாம். அப்படியே பல நாடுகளில் பலர் ஆராய்ந்தும் வருகிறார்கள்.

2014ஆம் ஆண்டில் சீன ஆய்வாளர்கள், ஈறு நோயைப் பற்றி அதுவரை சேர்ந்திருந்த மரபணு விவரங்களைப் பல கணினி முறைகளால் சலித்துப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான பெயர்களிலிருந்து 21 மரபணுக்கள் முன்னுக்கு வந்தன. அவற்றுள் ஒன்றின் பெயர் சி-3. இது இரத்தத்தில் ஓடும் ஒரு காவல் புரதம். கிருமி வந்ததும் அபாயச் சங்கு ஊதுவதற்கு உடலில் மூன்று வழிகள் உண்டு. மூன்றும் வந்து சேரும் சந்தி இந்த சி-3தான். சந்தியை மறித்தால் மூன்று வழியிலும் போக்குவரத்து நின்றுவிடும் அல்லவா?

கணினி காட்டிய இந்த வழியும், ஆய்வுக்கூடத்தில் வேறு சிலர் நடந்துகொண்டிருந்த வழியும் ஒரே இடத்தில் வந்து கூடின. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாஜிஷெங்காலிஸ், ஜான் லாம்பிரிஸ் என்ற இரு பேராசிரியர்கள், சி-3ஐத் தடுக்கும் மருந்தைப் பற்றி ஆராய்ந்து வந்தார்கள். சி-3 இல்லாத எலிகளுக்கு ஈறு நோயால் எலும்பு அழிவது குறைவாக இருந்ததைக் கண்டார்கள். அடுத்து, குரங்குகளின் ஈறில் அந்த மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். அந்தக் குரங்கு வேறொன்றுமில்லை. நம் தோட்டத்து ஓரங்களில் வாழைப்பழம் திருட வருகிறதே, நீண்ட வால் குரங்கு, அதே இனம்தான். அவற்றின் ஈறு வீக்கம் தணிந்தது. எலும்பு அழிவும் குறைந்தது.

பிறகு மனிதர்களின் முறை. ஈறு அழற்சி கண்ட 40 பேருக்கு, வாரத்துக்கு ஒரு முறையாக மூன்று வாரம் ஈறில் ஊசி போடப்பட்டது. எது மருந்து, எது மருந்தில்லாத ஊசி என்பது நோயாளிக்கும் தெரியாது, சோதிப்பவருக்கும் தெரியாது. முடிவு 2021ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மருந்து பட்ட ஈறுகளில் அழற்சி குறைந்தது. அந்த நன்மை 90 நாள் வரையிலும் நீடித்தது.

அப்படியானால் நாளைக்கே மருந்து கடைக்கு வந்துவிடுமா? வராது. நாற்பது பேர் போதாது; நூற்றுக்கணக்கானோரிடம், ஆண்டுக் கணக்கில் சோதித்துப் பார்க்க வேண்டும். காவல்படையைத் தணிக்கும் மருந்து என்பதால், காவலே இல்லாமல் போய்விடாதா என்றும் பார்க்க வேண்டும். இலக்கைக் கண்டுபிடிப்பது ஒன்று, மருந்தைக் கண்டுபிடிப்பது வேறொன்று. இதற்கு ஒரு சான்றும் உண்டு. ஈறு நோய்க் கிருமி ஒன்று சுரக்கும் நச்சுப் புரதத்தைத் தடுத்தால், முதியோருக்கு வரும் அல்ஸைமர் என்ற மறதி நோயும் தணியும் என்று நம்பி, 600க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு மருந்தைச் சோதித்தார்கள். 2021ஆம் ஆண்டில் வந்த முடிவு ஏமாற்றமாக இருந்தது. நினைவாற்றல் குறைந்துகொண்டே போவதை அந்த மருந்தால், எதிர்பார்த்தபடி, தடுக்க முடியவில்லை. விஞ்ஞானத்தில் இது தோல்வியன்று. ஒரு கதவைத் திறந்து பார்த்து மூடியதாகும். ஆனால், செய்தித்தாளில் 'புதிய கண்டுபிடிப்பு' என்று படித்ததும், நாளை மருந்து வரும் என்று பல்லைக் கவனியாமல் இருந்துவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

நேயர்களே, இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். இலங்கைத் தோட்டத்தில் நூற்றுக்கு 11 பேர் தப்பித்தார்கள் என்று கேட்டதும், 'நானும் அந்தப் பதினொன்றில் ஒருவனாக இருக்கலாமே' என்று சிலர் நினைக்கலாம். இருக்கலாம். அந்த எட்டுப் பேரில் ஒருவராகவும் இருக்கலாம். எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று இளமையிலேயே திட்டமாகச் சொல்லும் பரிசோதனை எதுவும் இன்று நம் மருந்தகங்களில் இல்லை. கணினி தேடிக்கொண்டிருக்கும் விடைகளுள் அதுவும் ஒன்று. அது கிடைக்கும் வரையில், நாம் ஒவ்வொருவரும் எட்டுப் பேரில் ஒருவர் என்றே எண்ணி நடப்பதுதான் புத்திசாலித்தனம்.

நல்ல வேளையாக, நம் கையில் ஒரு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. அதே ஹரால்டு லோவும் அவர் தோழர்களும் 1965ஆம் ஆண்டில் டென்மார்க்கில் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். நல்ல ஈறுள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்திற்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. பிறகு மீண்டும் துலக்கச் சொன்னார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்தில் எல்லாருக்கும் ஈறு பழையபடி ஆயிற்று. இதன் பொருள் என்ன? நோய் ஈறோடு நிற்கும் வரையில், அதைத் திருப்பிவிடலாம். எலும்புக்குப் போய்விட்டால், போன எலும்பு தானாக வளர்ந்து வராது. பெரும்பாலும் மருத்துவர் அதை மேலும் போகாமல் நிறுத்தத்தான் முடியும். இரத்தக் கசிவு என்பது, வண்டி திரும்பக்கூடிய கடைசிச் சந்தியில் அடிக்கும் மணி. அந்த மணி ஓசையை நாம் 'சூடு' என்று சொல்லிப் புறக்கணிக்கலாகாது.

சில தவறான எண்ணங்களைக் களைய வேண்டும். இரத்தம் வருகிறதே என்று பல் துலக்குவதைச் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். அது தீயில் எண்ணெய் ஊற்றுவதாகும். மிருதுவான பிரஷ் கொண்டு, பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில், காலையிலும் இரவு படுக்கும் முன்பும் இரண்டு நிமிடம் மெதுவாகத் துலக்குங்கள். நம் முன்னோர் வேப்பங்குச்சியால் துலக்கினார்கள். அதில் குறை இல்லை, ஆனால் குச்சி பல்லிடுக்கிலும் பின்பக்கத்திலும் எட்டுவது கடினம். செங்கல் பொடியும் கரித்தூளும் கொண்டு அழுத்தித் தேய்த்தால் பல் தேயும், ஈறு புண்ணாகும்.

இன்னும் சிலர், 'காரை எடுத்தால் பல் ஆட்டம் காணும்' என்று அஞ்சுகிறார்கள். காரைதான் பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவர்களுக்கு எண்ணம். உண்மை என்னவென்றால், எலும்பு முன்பே போய்விட்டது. அது தெரியாமல் காரை மறைத்துக்கொண்டிருந்தது. கறையான் தின்ற தூணுக்குச் சாயம் பூசியிருந்தால், சாயத்தைச் சுரண்டியவன் தூணைக் கெடுத்தான் என்று சொல்வோமா? காரையைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது. பல் மருந்தகத்தில்தான் எடுக்க வேண்டும். அரசாங்கப் பல் மருந்தகங்களில் குறைந்த கட்டணத்தில் இதைச் செய்கிறார்கள். பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவினரைக் கண்டு உங்கள் பிள்ளைகள் ஒளிந்துகொள்ளாதபடி, வீட்டிலேயே தைரியம் சொல்லி அனுப்புங்கள்.

தீயை விசிறிவிடும் இரண்டு காரியங்களையும் குறிப்பிட வேண்டும். ஒன்று, புகையிலை. சிகரெட்டாகப் புகைப்பவருக்கு ஈறு நோய் விரைந்து முற்றுகிறது. இரத்தக் கசிவும் குறைந்து தோன்றுவதால் நோய் வெளியே தெரிவதில்லை. வெற்றிலை, பாக்கோடு புகையிலையையும் சேர்த்து மெல்லுவோருக்கு வாய்ப் புற்றுநோய் அபாயமும் உண்டு. ஆறாத புண்ணோ வெள்ளைத் தழும்போ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் உடனே காட்ட வேண்டும். மற்றொன்று, இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியரில் வயது வந்தவர்களுள் நூற்றுக்கு 31 பேருக்கு இந்த நோய் இருந்தது. எல்லா இனத்தாரினும் நமக்கே அதிகம். இரத்தத்தில் சர்க்கரை கூடினால் ஈறின் அழற்சி கூடுகிறது. ஈறின் அழற்சி கூடினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. ஒன்றையொன்று பிடித்து இழுக்கும் இரண்டு நோய்கள் இவை. ஆகவே, இனிப்பு நீருக்கு மருந்து எடுக்கப் போகும் பெரியவர்கள், அப்படியே பல் மருந்தகத்துக்கும் ஒரு நடை போய் வருவது நல்லது.

பெற்றோர்களுக்கு ஓர் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்லி முடிக்கிறேன். உயிர்த்தகவலியல் என்ற இந்தக் கல்விக்கு உயிரியலும் கணிதமும் கணினிப் பயிற்சியும் வேண்டும். இலட்சக்கணக்கில் பணம் போட்டுக் கட்டிய ஆய்வுக்கூடம் எல்லாருக்கும் வேண்டியதில்லை. பதிவுகள் பொதுவில் திறந்து கிடக்கின்றன. கணக்கில் கெட்டிக்காரியான உங்கள் மகளோ மகனோ, நாளை இத்துறையில் கால் வைக்கத் தடையில்லை. 'ஒரே தோட்டத்தில் ஒருவருக்கு ஏன் பல் விழுந்தது, மற்றவருக்கு ஏன் விழவில்லை?' என்ற கேள்வியை உலகத்துக்குத் தந்தவர்கள் தோட்டத்துத் தமிழர்கள். அதற்கு முழு விடை இன்னும் வரவில்லை. அந்த விடையையும் ஒரு தோட்டத்துப் பிள்ளை தரட்டும். அதுவரையில், இன்றிரவு படுக்கும் முன்பு, வீட்டிலுள்ள அனைவரும் கண்ணாடி முன் நின்று, உதட்டை விலக்கி, ஈறைப் பாருங்கள். சிவந்திருந்தால், வீங்கியிருந்தால், கசிந்தால், காலம் இன்னும் கடந்துவிடவில்லை.